குரோன் நோயில் தீராத களைப்பு: ‘ரிப்போர்ட் நார்மல்’ என்று சொல்லப்பட்ட பிறகு என்ன செய்யலாம்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். உங்களுக்கு 31 வயது, பள்ளி ஆசிரியை. மூன்று ஆண்டுகளுக்கு முன், குடலில் அழற்சியையும் (வீக்கம்) புண்ணையும் உண்டாக்கும் நாள்பட்ட நோயான குரோன் நோயால் சிறுகுடல் அடைத்துக்கொண்டு, அதன் கடைசிப் பகுதியில் 35 சென்டிமீட்டர் நீளம் அறுத்து எடுக்கப்பட்டது. அப்போதிலிருந்து நோய் எதிர்ப்பை அடக்கும் அசாதயோப்ரின் மாத்திரையும், நெஞ்செரிச்சலுக்காகத் தினமும் காலையில் பான்டோப்ரசோலும் எடுத்து வருகிறீர்கள். வயிற்று வலி இல்லை, பேதியும் ஓரளவு கட்டுக்குள் இருக்கிறது. ஆனால் எட்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும் உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கிறது; மூன்றாவது பீரியடுக்குள் கால்கள் துவண்டுவிடுகின்றன; கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே அடுத்து என்ன எழுத வந்தோம் என்பது மறந்துபோகிறது. இந்தக் களைப்போடு எப்படி நாட்களை ஓட்டுவது என்று கேட்கிறீர்கள். மருத்துவர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு ‘எல்லாம் நார்மல்தான்’ என்கிறார். வீட்டிலோ ‘படுத்தே கிடந்தால் அசதியாகத்தான் இருக்கும்’ என்கிறார்கள்.

இரண்டு பேச்சையும் நான் ஏற்கவில்லை. குரோன் நோயில் களைப்பு என்பது நோயின் அடையாளங்களில் ஒன்று. உங்கள் மனத்திடத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், நோய் கிளர்ந்திருக்கும் காலத்தில் நான்கில் மூவருக்கும், அடங்கியிருக்கும் காலத்திலும் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கும் களைப்பு இருக்கிறது. குடல் ஆறிவிட்டால் களைப்பும் போய்விடும் என்று எதிர்பார்த்திருந்த மருத்துவர்களையே இந்தக் கணக்கு யோசிக்க வைத்தது. ஆகவே ‘எனக்கு மட்டும் ஏன் இப்படி’ என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். அதோடு, ‘இந்த நோய் என்றால் இப்படித்தான், பழகிக்கொள்ள வேண்டும்’ என்ற பேச்சையும் உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். களைப்புக்குப் பின்னால் சரிசெய்யக்கூடிய காரணம் ஒன்றுக்கு மேல் இருப்பதே வழக்கம், அவற்றை வரிசையாகத் தேடித் தீர்த்த பிறகு மிஞ்சுவதோடுதான் வாழப் பழக வேண்டும். அந்த வரிசையைப் பெரும்பாலும் யாரும் முழுமையாகப் பின்பற்றுவதில்லை என்பதே என் குறை.

மருத்துவர் ஏன் களைப்பைப் பற்றி அதிகம் கேட்பதில்லை என்று நீங்கள் வருந்தியிருந்தீர்கள். அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1932-இல் நியூயார்க் மவுன்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த பர்ரில் குரோனும் அவருடைய சகாக்கள் இருவரும் இந்த நோயை விவரித்தபோது காய்ச்சலையும் பேதியையும் உடல் மெலிவையும் முன்னே வைத்தார்கள். 1976-இல் நோயின் தீவிரத்தை அளக்க ஒரு மதிப்பெண் முறை உருவானது. அதில் எத்தனை முறை பேதியானது, வயிறு எவ்வளவு வலித்தது, எடை எவ்வளவு குறைந்தது என்று எட்டுக் கூறுகள் இருந்தன, களைப்புக்கென்று தனி இடம் இல்லை. நெடுங்காலம் மருந்து ஆய்வுகளும் புறநோயாளிப் பிரிவின் கேள்விகளும் அந்த அச்சிலேயே ஓடின. இன்று களைப்பை மட்டும் அளக்கும் தனி வினாத்தாள்கள் வந்துவிட்டன. ஆனாலும் ஐந்து நிமிடத்தில் ஒரு நோயாளியைப் பார்த்து அனுப்ப வேண்டிய இடத்தில் நீங்களாகச் சொல்லாவிட்டால் அந்தப் பேச்சு எழாது.

இனி நீங்கள் அனுப்பியிருந்த எண்களுக்கு வருவோம். ஹீமோகுளோபின் 11.8. எம்.சி.வி., அதாவது சிவப்பணுக்களின் சராசரி அளவு, 88. சிவப்பணுக்களின் அளவு எவ்வளவு ஏறுமாறாக இருக்கிறது என்று காட்டும் ஆர்.டி.டபிள்யூ. 17. ஃபெரிட்டின் 46. உடலில் அழற்சி இருந்தால் உயரும் சி.ஆர்.பி. 11. வைட்டமின் பி12 அளவு 236. ஆய்வகம் இவற்றில் ஹீமோகுளோபினுக்கும் ஆர்.டி.டபிள்யூ.வுக்கும் சி.ஆர்.பி.க்கும் மட்டும் தடித்த எழுத்து போட்டிருக்கிறது, அவையும் ‘கொஞ்சம்தான்’ விலகியிருக்கின்றன. இவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தால் நார்மல், அல்லது நார்மலுக்குப் பக்கத்தில் என்றே தோன்றும். சேர்த்துப் படித்தால் வேறு கதை தெரிகிறது.

கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் இரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. நம் ஊரில் பெண்களுக்கு 11 இருந்தாலே ‘பரவாயில்லை’ என்று சொல்லிப் பழகிவிட்டதால் 11.8 யார் கண்ணையும் உறுத்துவதில்லை. அடுத்தது எம்.சி.வி. இரும்புச்சத்து குறைந்தால் சிவப்பணு சிறுத்துவிடும் என்பது எல்லோரும் அறிந்த பாடம். ஆகவே 88 என்ற எண்ணைப் பார்த்ததும் ‘இரும்பு போதுமான அளவு இருக்கிறது’ என்ற முடிவுக்கு வருவது எளிது. ஆனால் அசாதயோப்ரின் சிவப்பணுவைப் பெரிதாக்கும் மருந்து, பி12 குறைவும் பெரிதாக்கும். ஒன்று சிறிதாக்க, மற்ற இரண்டும் பெரிதாக்க, சராசரி நட்டநடுவில் வந்து நிற்கிறது. சிறியதும் பெரியதுமாகக் கலந்து கிடப்பதைக் காட்டிக்கொடுப்பது ஆர்.டி.டபிள்யூ.; அது பொதுவாக 14.5 அளவுக்குள் இருக்க வேண்டும், உங்களுக்கு 17. அந்த ஒற்றை எண்ணைப் பார்த்த உடனேயே நான் மற்றவற்றைச் சந்தேகிக்கத் தொடங்கிவிட்டேன்.

ஃபெரிட்டின் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு. உங்கள் ஆய்வகம் 10 முதல் 291 வரை நார்மல் என்று அச்சிட்டிருப்பதால் 46 தப்பித்துவிட்டது. இதில் சிக்கல் என்னவென்றால், உடலில் எங்காவது அழற்சி இருந்தால் சேமிப்பு குறைந்திருந்தாலும் ஃபெரிட்டின் உயர்ந்தே காட்டும். அதனால்தான் குடல் அழற்சி நோய்களுக்கான ஐரோப்பிய வழிகாட்டுதல், அழற்சி இல்லாதவருக்கு 30-க்குக் கீழே என்றும், அழற்சி இருப்பவருக்கு 100 வரை இருந்தாலும்கூட இரும்புக் குறைவு இருக்கலாம் என்றும் இரண்டு எல்லைகளை வைத்திருக்கிறது. உங்கள் சி.ஆர்.பி. 11, ஆகவே இரண்டாவது எல்லைதான் உங்களுக்குப் பொருந்தும். உறுதி செய்துகொள்ள டிரான்ஸ்ஃபெரின் செறிவு என்ற பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்; இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று அது காட்டும். அது 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஐயம் பெருமளவு தீர்ந்துவிடும். ஹீமோகுளோபின் இறங்குவதற்கு முன்பே, இரும்புச் சேமிப்பு குறைந்திருக்கும் நிலையிலேயே, களைப்பு வரக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரும்பு குறைவு உறுதியானால் அதை எந்த வழியில் கொடுப்பது என்பதில் குரோன் நோய்க்குத் தனிக் கணக்கு உண்டு. அழற்சி இருக்கும்போது கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஒன்றைச் சுரந்து, குடல் வழியாக இரும்பு உள்ளே நுழைவதைத் தடுத்துவிடுகிறது. நோய் கிளர்ந்திருப்பவர் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கியும் எண் அசையாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். உறிஞ்சப்படாத இரும்பு குடலில் தங்கி வலியையும் கறுப்பு மலத்தையும் கொடுப்பது மட்டும்தான் மிச்சம். நோய் அடங்கியிருந்து சோகையும் லேசாக இருந்தால் மாத்திரை போதும், ஆனால் ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் இரும்புக்கு மேல் தேவையில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தால் உறிஞ்சுவது கூடுகிறது என்பதும் தெரிய வந்திருக்கிறது. நோய் கிளர்ந்திருந்தாலோ, ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே இருந்தாலோ, மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டாலோ நரம்பு வழியாக ஏற்றுவதே நல்லது. இதை ஒரு நாள் அனுமதியில் முடித்துக்கொள்ளலாம். ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் என்ற வகையை ஏற்றிய சில வாரங்களில் களைப்பு குறைவதற்குப் பதிலாகக் கூடி, எலும்பும் தசையும் வலித்தால் இரத்தத்தில் பாஸ்பேட் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த மருந்து சிலருக்குப் பாஸ்பேட்டை இறக்கிவிடும்.

மாத்திரைதான் என்று முடிவானால் ஒரு சின்ன விஷயம். காலையில் பல் துலக்கியதும் பான்டோப்ரசோல், அரை மணி கழித்துக் காபி, காபியோடு இரும்பு மாத்திரை என்ற வரிசையை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். பான்டோப்ரசோல் வயிற்று அமிலத்தைக் குறைப்பதால் இரும்பும் பி12-உம் உணவிலிருந்து பிரிந்து உறிஞ்சப்படுவது குறைகிறது. காபியிலும் தேநீரிலும் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மூன்று ஆண்டுகளாக ஒரு ‘கேஸ் மாத்திரை’ தொடர்கிறது என்றால் அது இன்னும் தேவைதானா என்று கேட்பதில் தவறில்லை. இரும்பு மாத்திரையைக் காபியிலிருந்து இரண்டு மணி நேரமாவது தள்ளி, எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு எடுங்கள்.

பி12 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் விஷயத்தில் இதுதான் யாரும் தொடாமல் விட்ட இடம் என்று நினைக்கிறேன். பி12 உறிஞ்சப்படுவது சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான். அங்கே 20 சென்டிமீட்டருக்கு மேல் எடுத்துவிட்டாலே குறைவு வரும் வாய்ப்பு உண்டு. உங்களுக்கு 35 எடுத்திருக்கிறார்கள். கல்லீரல் சில ஆண்டுகளுக்கான பி12-ஐச் சேமித்து வைத்திருப்பதால் அறுவை முடிந்த உடனே எதுவும் தெரியாது; இரண்டு, மூன்று, நான்கு ஆண்டுகளில் மெல்ல மெல்லச் சரியும். உங்களுக்கு அறுவை நடந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சைவ உணவுக்காரர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பால், தயிரைத் தவிர வேறு வழியில் பி12 வந்து சேராது. 236 என்பது ஆய்வகத்தின் கீழ் எல்லைக்குச் சற்று மேலே இருக்கிறது, அவ்வளவுதான். 200-க்கும் 300-க்கும் இடைப்பட்டதை மங்கலான பகுதி என்றே எடுத்துக்கொள்வது வழக்கம். குடல் அறுக்கப்பட்டவரிடம் அந்த எண்ணை நார்மல் என்று எழுதிக் கடந்துபோக நான் தயங்குவேன். மறதி, சொல் தடுமாறுவது, பாதம் மரத்துப்போவது, நாக்கு எரிவது ஆகியவை இருந்தால் அவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். இதற்கு 1000 மைக்ரோகிராம் ஊசியை முதலில் நெருக்கமாகவும், பிறகு மாதத்துக்கு ஒன்றாகவோ சில மாதங்களுக்கு ஒன்றாகவோ போடுவார்கள். குடல் திரும்ப வளரப் போவதில்லை என்பதால் ஊசியை நடுவில் நிறுத்தக் கூடாது. ஃபோலிக் அமிலத்தையும் கூடவே பார்த்துவிடுவது நல்லது. ஆனால் பி12 குறைவு இருக்கும்போது ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் இரத்தசோகை தேறியதுபோல் தெரியும், நரம்புச் சேதம் உள்ளே தொடரும்.

இதே இரத்தத்தில் வைட்டமின் டி, தைராய்டுக்கான டி.எஸ்.எச்., சர்க்கரை, சிறுநீரக–கல்லீரல் அளவுகள், பேதி அதிகமிருந்தால் பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவற்றையும் பார்த்துவிடலாம். குரோன் நோய் இருப்பதால் தைராய்டு வராது என்று எந்த விதியும் இல்லை. எல்லாக் களைப்பையும் பழைய நோயின் கணக்கிலேயே எழுதிவிடும் பழக்கத்தால் தைராய்டு குறைவு தப்பிப்போவது உண்டு.

அடுத்த கேள்வி: குடல் உண்மையிலேயே அடங்கியிருக்கிறதா? வயிறு வலிக்காததால் நோய் அடங்கிவிட்டது என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். குரோன் நோயில் அறிகுறியும் உள்ளிருக்கும் புண்ணும் எப்போதும் சேர்ந்து நடப்பதில்லை. அறுவைக்குப் பின் தையல் போட்ட இடத்தில் நோய் திரும்புவது மிகச் சாதாரணம். நோய் திரும்பாமல் தடுக்கும் மருந்து எடுக்காதவர்களில் பெரும்பாலானோருக்கு ஒரே ஆண்டில் அங்கே புண்கள் கொலோனோஸ்கோப்பியில், அதாவது குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனையில், தெரிகின்றன, அறிகுறி வருவது வெகு நாள் கழித்துத்தான். அதனால்தான் அறுவை முடிந்து 6 முதல் 12 மாதத்துக்குள் ஒரு கொலோனோஸ்கோப்பி செய்யச் சொல்கிறார்கள். அது உங்களுக்கு நடந்ததாக நீங்கள் எழுதவில்லை. மலத்தில் கால்புரொடெக்டின் என்ற பரிசோதனை குழாய் எதுவும் விடாமலே குடல் அழற்சியைக் காட்டும்; 50-க்குக் கீழே இருந்தால் நிம்மதி, 250-ஐத் தாண்டினால் உள்ளே நோய் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். சி.ஆர்.பி. 11 என்றிருக்கும்போது இந்தக் கேள்வியை ஒத்திவைக்கக் கூடாது. அழற்சியின்போது சுரக்கும் டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-6 போன்ற பொருட்கள் மூளையையும் எட்டுகின்றன. காய்ச்சல் வந்தால் படுத்துக்கொள்ளத் தோன்றுகிறதே, அதே உந்துதலைத்தான் அவை குறைந்த அளவில் நாள் முழுக்கத் தருகின்றன. இந்தக் களைப்புக்கு இரும்போ ஊசியோ பயன்படாது. நோய்க்கான மருந்தை மாற்ற வேண்டும் அல்லது கூட்ட வேண்டும்.

மருந்துகளாலும் களைப்பு வரும். அசாதயோப்ரின் எலும்பு மஜ்ஜையை அடக்கி இரத்த அணுக்களைக் குறைக்கக்கூடும், சிலருக்கு நேரடியாகவே குமட்டலையும் அசதியையும் தரும். இந்தியர்களிடம் NUDT15 என்ற மரபணுவில் மாற்றம் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்த எண்ணிக்கை பார்ப்பதைத் தவற விடாதீர்கள். இதே நோய்க்கு மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தை எடுப்பவர்களுக்கு ஊசி போட்ட மறுநாள் உடம்பு அசந்துவிடும். அவர்கள் வெள்ளி இரவு போட்டுக்கொண்டு சனிக்கிழமையை ஓய்வுக்கு விடலாம். இன்ஃப்ளிக்சிமாப் என்ற டி.என்.எஃப். தடுப்பு மருந்தை ஏற்றுபவர்களில் சிலர் அடுத்த தவணைக்கு முந்தைய வாரங்களில் துவண்டுபோவதாகச் சொல்கிறார்கள். அப்போது மருந்தின் அளவை இரத்தத்தில் பார்த்து இடைவெளியைக் குறைக்க முடியுமா என்று கேட்கலாம். ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்தால் அதைக் காலையிலேயே எடுக்க வேண்டும், மாலையில் எடுத்தால் தூக்கம் கெடும். வாரக்கணக்கில் எடுத்த ஸ்டீராய்டைத் தாமாகவே நிறுத்திவிட்டவருக்கு வரும் களைப்பு மட்டும் வேறு இனம்: தலைசுற்றல், வாந்தி, இரத்த அழுத்த வீழ்ச்சியோடு வரும், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டியது.

தூக்கத்தில் எட்டு மணி நேரம் என்ற கணக்கு உங்களை ஏமாற்றுகிறது. இரவில் இரண்டு முறை கழிவறைக்கு எழுவதாகக் கேள்வியின் ஓரத்தில் சொல்லியிருக்கிறீர்கள். சிறுகுடலின் அந்தக் கடைசிப் பகுதிதான் பித்த உப்புகளையும் திரும்ப உறிஞ்சுகிறது. அது இல்லாதபோது பித்த உப்பு பெருங்குடலுக்குள் வடிந்து நீர்ப்பேதியை உண்டாக்கும். நோய் அடங்கியிருந்தும் பேதி இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம், இதற்குக் கொலஸ்டிரமின் என்ற தூள் மருந்து இருக்கிறது. அது மற்ற மருந்துகளையும் பிடித்துக்கொள்ளும் என்பதால் அவற்றை அதற்கு ஒரு மணி நேரம் முன்போ நாலைந்து மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும். இரவில் எழுவது நின்றாலே பாதிக் களைப்பு தீர்ந்தவர்கள் உண்டு. பகலில் தூங்காமல் முடியாது என்றால் மூன்று மணிக்கு முன், அரை மணி நேரத்துக்கு மிகாமல், அலாரம் வைத்துத் தூங்குங்கள்.

மனச்சோர்வும் களைப்பும் ஒன்றை ஒன்று வளர்க்கும். எல்லாப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது என்றதும் ‘அப்படியானால் மனசுதான்’ என்று முடிவு கட்டுவதை நான் எதிர்க்கிறேன். அதே சமயம் முன்பு பிடித்த எதிலும் ருசி இல்லாமல், விடியற்காலையிலேயே விழித்துக்கொண்டு, எதிர்காலமே இல்லை என்ற நினைப்பு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது தனியாகச் சிகிச்சை பெற வேண்டியது. அரசின் டெலி-மானஸ் உதவி எண்ணான 14416-இல் தமிழிலேயே பேசலாம். எண்ணங்களையும் பழக்கங்களையும் சேர்த்துப் பார்க்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை களைப்பையும் ஓரளவு குறைக்கிறது.

இவ்வளவும் பார்த்துத் திருத்திய பிறகும் களைப்பு மிஞ்சலாம். அதோடு எப்படி நாட்களை ஓட்டுவது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்டது. பெரும்பாலோர் செய்யும் தவறு, தெம்பாக இருக்கும் நாளில் எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்வது. ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் தெளிவாக இருக்கிறது என்று துணி துவைத்து, மாவாட்டி, அலமாரி ஒழுங்குசெய்து, பரீட்சைத் தாளும் திருத்திவிட்டுத் திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் எழ முடியாமல் கிடப்பார்கள். பழுதான மின்கலத்தைத் தினமும் கடைசிச் சொட்டுவரை தீர்த்தால் மறுநாள் அது இன்னும் குறைவாகவே ஏறும். நல்ல நாளிலும் முடியும் அளவுக்குச் சற்றுக் கீழே நிறுத்திக்கொள்வதும், மோசமான நாளிலும் முழுக்கப் படுத்துவிடாமல் இருப்பதும்தான் வழி. இதற்கு முதலில் உங்கள் நாளின் வடிவம் தெரிய வேண்டும். இரண்டு வாரம், காலை, மதியம், மாலை, இரவு என்று நான்கு வேளையும் களைப்புக்குப் பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் போட்டு, பக்கத்தில் தூக்கம், சாப்பாடு, மலம் போன முறை, மாதவிடாய், அன்றைய கடினமான வேலை ஆகியவற்றை ஒரு வரியில் குறித்து வாருங்கள். ஓர் ஆசிரியைக்கு இது பிள்ளைகளின் வருகைப் பதிவேட்டை விட எளிது.

அந்தக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் தலைமையாசிரியரிடம் பேச வேண்டும். ‘எனக்கு முடியவில்லை’ என்றால் அனுதாபம் கிடைக்கும், கால அட்டவணை மாறாது. ‘முதல் இரண்டு பீரியடும் நன்றாக எடுக்க முடிகிறது, மூன்றாவதில் ஓர் இடைவெளி கிடைத்தால் மதியத்தையும் சமாளிப்பேன், வகுப்புகள் தரைத்தளத்தில் இருந்தால் போதும்’ என்று கேட்டால் ஏற்பாடு செய்ய வழி இருக்கும். மருத்துவரிடம் ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் குரோன் நோய் இல்லை, ஆகவே சட்டத்தைக் காட்டிக் கேட்பதை விட இப்படிக் கேட்பதே இன்றைக்குப் பலன் தருகிறது. வகுப்பில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பாடம் எடுப்பதில் எந்த மானக்குறைவும் இல்லை. வீட்டாரிடம், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவர்களில் ஒருவரை அழைத்துப் போவதே சிறந்த விளக்கம். நீங்கள் பத்து முறை சொன்னது ஏறாமல், மருத்துவர் ஒருமுறை சொன்னது ஏறுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

களைத்திருப்பவரிடம் நடக்கச் சொல்வது கொடுமையாகத் தோன்றும். ஆனால் குரோன் நோயில் தசை வற்றுகிறது, தொடைத் தசை வலுவிழக்கிறது, வலுவிழந்த தசை அதே மாடிப்படிக்கு இரட்டிப்பு உழைப்பைக் கேட்கிறது. நோய் அடங்கியிருக்கும் காலத்தில் பத்து நிமிட நடையில் தொடங்கி, மறுநாள் களைப்பின் எண் கூடவில்லை என்றால் மட்டும் வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டுங்கள். நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியை வாரம் இரண்டு மூன்று நாள் செய்தால் தொடை தேறும். காய்ச்சலோ நோய்க்கிளர்ச்சியோ இருக்கும்போது வேண்டாம்.

சாப்பாட்டில், பள்ளியில் கழிவறைக்கு ஓட வேண்டியிருக்குமோ என்ற பயத்தில் காலை உணவைத் தவிர்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். களைப்புக்கு இதுவே ஒரு நேரடிக் காரணம். புரதம் நோய் அடங்கியிருக்கும்போது உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராமும், கிளர்ந்திருக்கும்போது 1.2 முதல் 1.5 கிராமும் வேண்டும். உங்கள் 48 கிலோவுக்கு அது ஏறத்தாழ 50 கிராம். இரண்டு இட்லியும் ஒரு கரண்டி தண்ணீர்ச் சாம்பாரும் அதில் சிறு பங்கைத்தான் தரும். தயிர், பனீர், குழைய வேகவைத்த பாசிப்பருப்பு ஆகியவற்றைச் சிறு சிறு வேளைகளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். முட்டைக்கு மனம் ஒப்பினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. குடலில் சுருக்கம் இருப்பதாகச் சொல்லியிருந்தால் முருங்கைக்காய்ச் சக்கை, கீரைத் தண்டு, நார் மிகுந்த பழங்கள் வேண்டாம். வெயில் காலத்தில் பேதியும் இருந்தால் இளநீர் மட்டும் போதாது. அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்துக் குடியுங்கள்.

தெம்புக்குக் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஐந்து சதவீதக் குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. நீர் வறட்சி இல்லாதவருக்கு அதைக் கையில் குத்தி ஏற்றிக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை. அதோடு தரும் ‘சத்து ஊசி’யில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்காமல் போட்டுக்கொள்ளாதீர்கள், ஸ்டீராய்டு கலந்திருந்தால் இரண்டு நாள் தெம்பு வரும், உங்கள் நோயின் கணக்கு குழம்பிப்போகும். தயமின், அதாவது பி1 வைட்டமினைப் பற்றி நீங்கள் படித்தது உண்மைதான்: டென்மார்க்கில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், நோய் அடங்கியும் களைப்பு தீராதவர்களுக்கு நாளொன்றுக்கு 600 முதல் 1800 மில்லிகிராம் வரை நான்கு வாரம் கொடுத்தபோது களைப்பு குறைந்தது. ஆனால் பிறகு 300 மில்லிகிராமாகக் குறைத்து ஆறு மாதம் தொடர்ந்தவர்களுக்கு அந்தப் பலன் நீடிக்கவில்லை. மற்றவற்றை எல்லாம் சரிசெய்த பிறகு, மருத்துவருக்குத் தெரிந்து, ஒரு மாதம் முயன்று பார்க்கத் தடையில்லை; முதலில் இதைத் தொடங்குவது வரிசை தவறியதாகும்.

சில களைப்புகளுக்கு அடுத்த சந்திப்புவரை காத்திருக்கக் கூடாது. அசாதயோப்ரின் எடுக்கும்போது காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால் அன்றே இரத்த எண்ணிக்கை பார்க்க வேண்டும். மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடைக் குறைவு, இருமல் ஆகியவற்றோடு வந்தால் காசநோயை நினைக்க வேண்டும். நம் நாட்டில் குடல் காசநோயும் குரோனும் ஒன்றுபோல் தோன்றி மருத்துவரையே குழப்பும், நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்துகள், குறிப்பாக டி.என்.எஃப். தடுப்பு மருந்துகள், உறங்கிக் கிடக்கும் காசநோயை எழுப்பிவிடும். படியேறும்போது மூச்சு வாங்குவது, படபடப்பு, இரும்பு மாத்திரை எடுக்காதபோதும் மலம் கறுத்துப் போவது ஆகியவை உள்ளே இரத்தம் கசிவதையோ இரத்தசோகை கூடுவதையோ காட்டலாம்.

அடுத்த முறை போகும்போது ஒரு தாளில் இவற்றை மட்டும் எழுதிக்கொண்டு போங்கள்: இரண்டு வாரக் குறிப்பு, 35 சென்டிமீட்டர் என்று எழுதியிருக்கும் டிஸ்சார்ஜ் சுருக்கத்தின் நகல், டிரான்ஸ்ஃபெரின் செறிவு, பி12 ஊசி, கால்புரொடெக்டின், கொலோனோஸ்கோப்பி, கொலஸ்டிரமின், பான்டோப்ரசோல் தொடர்வதா என்ற ஆறு கேள்விகள். இரும்பு ஏற்றத் தொடங்கினால் நான்கு வாரம் கழித்து ஹீமோகுளோபினைத் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். சோகை அதிகமாக இருப்பவருக்கு அதற்குள் 2 புள்ளியாவது ஏற வேண்டும், உங்களைப் போல் 11.8-இல் தொடங்குபவருக்கு 12-ஐத் தாண்டி நிலைக்க வேண்டும். சேமிப்பு நிரம்பிய பின்னும் முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபெரிட்டினைப் பாருங்கள், குரோன் நோயில் அது மறுபடியும் இறங்குவது சகஜம். களைப்பு குறைவது எண்கள் ஏறியதற்குச் சில வாரங்கள் பின்தங்கித்தான் தெரியும். அதற்குள் ‘இதுவும் பலிக்கவில்லை’ என்று மருந்தை விட்டுவிட வேண்டாம்.